ஜார்ஜியா தாத்தாவின் பல்செட்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த மனிதர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "கொஞ்சம் சைடுல திரும்புமா" என்பது. திரும்பினேன். கையில் பிளாஸ்டர் கிண்ணத்தோடு என் முகவாய்க்கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கிண்ணத்தில் பிளாஸ்டர் இறுகிப் போகும்வரை பார்த்தார். பிறகு, "இந்த மாதிரி ஒன்ன நான் சுங்கைப் பட்டாணியில பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன ஆளுடா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது மலேசியாவில், சுங்கைப் பட்டாணி ஊரில் ஒரு பல் கிளினிக். நான் கவுண்டரில் சீட்டு எழுதுபவள். அவர் பின்னறையில் அச்சு வார்த்து, பல்செட் கட்டுபவர். டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தார், பாவம்.

என் முகவாயைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். அது நீளம். முன்னால் வந்து கொஞ்சம் மேலே ஏறும். திகாம் பத்து என்ற ஊர்ப்பக்கம் எங்கள் எஸ்டேட்டில் எனக்கு 'மண்வெட்டி' என்று பெயர். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா..." என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கின்றன. அந்த 'ஆனா' எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியாதா?

இதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் ரொட்டி சானாயைக் கறியில் ஊறப்போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, கொரங்குக்கு முகவாய் இருக்கா?"

"நான் எங்கண்ணே பாத்தேன்."

"இல்ல. நியாண்டர்தால்னு ஒரு கூட்டம் இருந்துச்சு. மூளை நம்ம அளவுக்கு இருந்துச்சு. ஆனா முகவாய் இல்ல, தாடை அப்படியே வழிச்சு விட்ட மாதிரி பின்னால போயிரும். முகவாய் முன்னால வந்து நிக்கிறது நம்ம இனத்துக்கு மட்டும்தான். அதுல ஒனக்குக் கொஞ்சம் தாராளம். இந்தக் கெடா மாநிலத்துலயே ரொம்ப முன்னேறின மனுஷி நீதாம்மா."

"எதுக்குண்ணே அது? என்ன பிரயோஜனம்?"

"அது தாடையில தெரியல. பெரிய பெரிய ஆளுங்களே இன்னும் அடிச்சிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "தாடை, சாப்டாச்சா", "தாடை, மேல்வாய் அச்சு காஞ்சிருச்சா பாரு." வேறு யார் அப்படிக் கூப்பிட்டிருந்தாலும் பல்லைப் பேர்த்திருப்பேன். அவர் கூப்பிட்டால் எனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

அண்ணன் யார் கண்ணையும் பார்க்கமாட்டார். வாயைத்தான் பார்ப்பார். எதிரில் இருப்பவர் சிரித்தால் அவருக்குப் பண்டிகை. கொட்டாவி விட்டால் இரட்டைப் பண்டிகை. சாப்பாட்டுக் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார், ஆனால் பார்வை பக்கத்து மேசைக்காரர் எந்தப் பக்கத்தில் மெல்கிறார் என்பதில் இருக்கும். "அந்த ஆளுக்கு எடது கடவாய்ப்பல்லு நோவுது, இன்னும் ஒரு வாரத்துல நம்மகிட்ட வருவாரு பாரு" என்பார். வருவார். அதுதான் எரிச்சல்.

பல் நெருக்கமாக யார் வந்தாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "அடுப்பு மூட்டினவனைக் கேளுங்க." ஒரு லாரி டிரைவர் ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். "பச்சையா மென்னவன் தாடை பெருசு, முப்பத்திரண்டு பல்லுக்கும் எடம் இருந்துச்சு. வேகவச்சு, நசுக்கி, கொழைய கொழைய தின்ன ஆரம்பிச்சோம், தாடைக்கு வேலை போச்சு, தாடை சின்னதாயிருச்சு. பல்லுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லல. அது பாட்டுக்கு முப்பத்திரண்டும் வந்துக்கிட்டு இருக்கு. உங்க மேல தப்பு இல்லலா, அடுப்பு மூட்டினவனைக் கேளுங்க." அந்த டிரைவர் வீங்கிய கன்னத்தோடு எழுந்து போனவர்தான், திரும்பி வரவேயில்லை. டாக்டரம்மா அண்ணனைக் கூப்பிட்டு, நோயாளி இருக்கும்போது பின்னறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அண்ணன் எட்டிப் பார்க்கக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டார்.

இன்னொரு தடவை கிளினிக் வாசலில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அண்ணன் கையுறையோடு நடுவில் போய் நின்று, இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆண் கொரங்குக்குக் கோரைப்பல்லு கத்தி மாதிரி இருக்கும். அது சண்டை போட்டா அர்த்தம் இருக்கு. நமக்கு அது சின்னதாகி பல லட்சம் வருஷம் ஆச்சு. உங்க ரெண்டு பேருக்கும் அதுவும் தேஞ்சு போச்சு. என்னத்த வச்சு சண்டை போடப்போறீங்க, போங்க" என்றார். இரண்டு பேரும் நாக்கால் தங்கள் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே கலைந்து போனார்கள். அதில் ஒருவர் மறுநாள் வந்து நிஜமாகவே பல் காட்டினார்.

எல்லாரையும் மென்று தின்னச் சொல்லும் அந்த மனிதர் தான் மட்டும் மெல்லமாட்டார். நான் மிளகாய் உப்போடு கொய்யா வெட்டிக்கொண்டு வந்தால், "நீ தின்னு, தாடைக்கு வேலை குடு" என்பார். முறுக்கு நீட்டினால் வயிறு சரியில்லை. பிஸ்கட்டைத் தே தாரிக் டீயில் முக்கி, அது கரைந்து விழுவதற்கு முன்னால் வாயில் போட்டுக்கொள்வார். சிரித்தால் உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பார். ஏழு வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. அடுத்தவர் வாயைப் படித்தவர் அவர். நான் சீட்டு எழுதினவள்தானே.

பின்னறை ஜன்னலில் அவருடைய சொந்தக் குடும்பம் இருந்தது. படங்களைப் பார்த்துப் பார்த்து அவரே பிளாஸ்டரில் செய்த பழைய காலத்துத் தாடைகள். கடவாய்ப்பல் ஒவ்வொன்றும் நம்முடையதைப்போல் இரண்டு மடங்கு அகலமாக இருந்த தாடைக்குப் பெயர் 'கொட்டைக்கடிச்சான்'. முகவாய் இல்லாததற்குப் பெயர் 'வழிச்சுவிட்டவர்'. ஒரு பல்கூட இல்லாத மேல்வாய் ஒன்று இருந்தது. அதுதான் 'ஜார்ஜியா தாத்தா'. அவரைத் தினமும் காலையில் தூசி தட்டுவார். "இவரு கதை வேற. ஒரு நாளைக்கு நேரம் வரும்போது சொல்றேன்" என்பார். எனக்குக் கேட்க நேரம் வரவில்லை, எனக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

மூன்றாவதாக வந்த இடம் யான் என்ற ஊர். மாப்பிள்ளை சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என்னைப் பார்த்தார், என் முகவாயையும் பார்த்தார், 'ஆனா' சொல்லவில்லை. அவருடைய அப்பா நெல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல்லும் இல்லை. மூன்று வருஷமாகத் தோளில் கிடக்கும் துண்டால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார். மருமகள் பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் துண்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு நிபந்தனை வந்தது. "நிச்சயத்துக்கு நான் பல்லோடதான் வருவேன். நல்லா வெள்ளையா வேணும்."

நிச்சயம் ஆனி மாசக் கடைசிச் சனிக்கிழமை. அது தவறினால் ஆடி பிறந்துவிடும். ஆடி முடிவதற்குள் யான்காரர்களுக்கு யாராவது அந்த 'ஆனா'வைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்று அம்மா தினமும் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

மாமா வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் ஒரு தடவை, பல்லை மெழுகில் நிறுத்தி வாயில் வைத்துப் பார்க்க வரவேண்டும். சொந்த வயலில் அறுவடை நேரம், அலைய முடியாது என்றார். சரி மாமா, வேண்டாம் மாமா என்று மருமகள் தலையை ஆட்டிவிட்டேன். அந்த வாரம் பார்த்து வேலை குவிந்து கிடந்ததால், அச்சை அலோர் ஸ்டாரில் பல்செட் கட்டும் கடைக்கு அனுப்பச் சொன்னார் டாக்டரம்மா. அதே நேரம் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அண்ணன் தாத்தாவைப் புதிதாக ஒரு பிரதி வார்த்து வைத்திருந்தார், வாத்தியார் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

தட்டில் பல் இல்லாத இரண்டு மேல்வாய் அச்சுகள் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு. நான் உள்ளே போய் வியர்வை தாங்காமல் காற்றாடியைத் தட்டிவிட்டேன். இரண்டு சீட்டும் பறந்து மேசைக்கு அடியில் போயின. பொறுக்கி வைத்தேன். எது எதன்மேல் இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பதாக நினைத்தேன். பேப்பரில் சுற்றி, ஒன்றை நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், ஒன்றை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அலோர் ஸ்டார் கடையிலிருந்து ஒரு பையன் போன் போட்டான். "அக்கா, இந்தப் பேஷன்ட்டு யாருக்கா? மேல்வாய் முன்னால ரொம்ப நீட்டிக்கிட்டு இருக்கே. ஆளு எப்படி இருப்பாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, அவரு எங்க மாமா. கிராமத்து ஆளு, அப்படித்தான் இருப்பாரு. நீ கட்டுற வேலையப் பாரு" என்றேன்.

கட்டி அனுப்பினான். வியாழக்கிழமை மாமா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். டாக்டரம்மா செட்டை வைத்தார். முன்பல் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றது. எடுத்து மறுபடி வைத்தார். மாமா கண்ணாடி கேட்டார், யாரும் கொடுக்கவில்லை. பொறுமை போய், "குடுங்க நானே வைக்கிறேன்" என்று வாங்கி, லாரி கியரைப் போடுகிற மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினார். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது.

டாக்டரம்மா அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் செட்டை வாங்கித் திருப்பி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். முகம் மாறியது. என் காதோரம் வந்து, "தாடை, இது நம்ம தாத்தாவுக்குக் கட்டினது" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் காலை ஓங்கி மிதித்தார்.

"என் தப்பு டாக்டர். அச்சு மாறிருச்சு" என்றார்.

ஈறு ஆறாமல் புது அளவு எடுக்க முடியாது, பத்து நாள் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னார். மாமா துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "அப்ப தேதியத் தள்ளி வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பத்து நாள் கழித்து ஆடி.

மாப்பிள்ளை எப்படியோ கெஞ்சி, சனிக்கிழமை குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். எஸ்டேட் மண்டபத்தில் தட்டெல்லாம் அடுக்கியாகிவிட்டது. வேன் வந்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், மாமா இறங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, துண்டோடு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. அரை மணி நேரம் ஆனது. பெண்கள் பக்கத்தில் மெல்ல ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்தது. அதற்குள் 'ஆனா' இருந்ததா இல்லையா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அண்ணன் தன் மோட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஒரு பிஸ்கட் டின். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேராக வேனைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். நிச்சயப் பெண் அப்படியெல்லாம் வெளியே வரக்கூடாது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் வேனுக்குப் பின்னால் நின்றேன். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது.

"ஏசி நல்லா இருக்கா?" என்றார் அண்ணன்.

"என்னையக் கூப்பிட வந்தீங்கன்னா போயிருங்க."

டின் திறக்கும் சத்தம். "கூப்பிட வரல. உங்க பல்செட்டோட சொந்தக்காரர அறிமுகம் பண்ண வந்தேன். இவரு ஜார்ஜியான்னு ஒரு நாட்டுல கெடச்சவரு. பதினேழு பதினெட்டு லட்சம் வருஷம் இருக்கும்."

"இந்த ஆளுக்கா என் பல்லக் கட்டினீங்க?"

"ஆமா. நல்லாப் பாருங்க. பல்லு விழுந்தா எலும்புல குழி இருக்கணும். இவருக்குக் குழியெல்லாம் மூடிப்போச்சு. பல்லு போனப்புறமும் இவரு வருஷக்கணக்கா உசுரோட இருந்திருக்காரு. அப்ப கஞ்சி கெடையாது, மிக்சி கெடையாது. அடுப்பு இருந்த அடையாளமும் இல்ல."

மாமா, "என்னத்தத் தின்னாரு?" என்று கேட்டார்.

"கல்லால தட்டித் தானே தின்னிருப்பாருன்னு சில பேரு சொல்றாங்க. யாரோ நசுக்கிக் குடுத்திருப்பாங்கன்னு சில பேரு சொல்றாங்க. நான் ரெண்டாவது கட்சி."

"யாரு குடுத்தா? பொண்டாட்டியா, பிள்ளையா?"

"அது தாடையில தெரியாதுங்க." எத்தனையோ வாயைப் பார்த்துவிட்டு அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது இரண்டாவது முறை. "ஆனா ஒன்னு. பல்லு இல்லன்னு அவர யாரும் தனியா வேன்ல ஒக்கார வைக்கல."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு என்னங்க, வாய் நெறைய பல்லு வச்சிக்கிட்டுப் பேசுறது சுலபம்."

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அண்ணன் கட்டைவிரலை வாய்க்குள் விட்டு 'டக்'கென்று ஒரு இழு இழுத்தார். மேல்செட் முழுசாகக் கையில் வந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உதட்டைத் திறந்து, மாமாவைப் பார்த்துச் சிரித்தார். ஏழு வருஷத்தில் அவர் வாய் திறந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே மேலே ஒன்றுமே இல்லை, வெறும் ஈறு.

மாமா முதலில் மிரண்டார். அப்புறம் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கண்மை முழுக்கப் போய்விட்டது.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்து வந்தார்கள். நிச்சயத்துக்கு வந்திருந்த டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். தட்டு மாறியது. படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் முகவாயை மறைக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் வாயை மறைக்கவில்லை.

பந்தியில் அவர்கள் இலையில் வடையும் அப்பளமும் அப்படியே இருந்தன. நான் போய் நடுவில் உட்கார்ந்து, வடையைப் பிட்டு நொறுக்கி ரசத்தில் ஊறவைத்துப் பிசைந்து, இருவர் இலையிலும் வைத்தேன். "பட்டுச்சேலையோட என்ன காரியம்டி பண்ற" என்று அம்மா பல்லைக் கடித்தார். அண்ணன் அம்மாவின் பல்லைத்தான் பார்த்தார்.

எங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக் திறந்தபோது அண்ணன் எனக்கு முன்னால் வந்திருந்தார். "தாடை, சாப்டாச்சா" என்று சிரித்தார். பளீரென்று இருந்தது. மாமா கேட்ட அதே வெள்ளை.

"அண்ணே, அது தாத்தா செட்டு ஆச்சே. உங்களுக்கு எப்படிண்ணே பொருந்துச்சு?"

அவர் பிளாஸ்டரைக் கலக்கிக்கொண்டே முனகினார். "ஜார்ஜியாவுலேருந்து எனக்கு யாரும்மா அளவு அனுப்புவா? படத்தப் பாத்தேன், என் வாயில அளவெடுத்தேன், முன்னால மட்டும் மெழுகு வச்சு நீட்டிவிட்டேன். நேத்து சாயங்காலம் அந்த நீட்டின எடத்தத் தேச்சேன். கப்புன்னு ஒட்டிக்கிச்சு. பழசு நானே கட்டினது. சொந்த வாய்க்குள்ள பாத்து சரியாப் பொருத்த முடியல, இருவது வருஷமா ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"வேற யார்கிட்டயாவது சொல்லிக் கட்டியிருக்கலாம்ல?"

"கெடா பூரா எல்லார் வாயையும் பேசுனவன்மா நானு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய்க் கேக்குறது?"

ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்தவர் இருபது வருஷம் பிஸ்கட்டை முக்கித் தின்றுகொண்டிருந்திருக்கிறார். "சீட்ட மாத்தி வச்சது நான்தாண்ணே" என்றேன்.

"தெரியும்லா. இல்லன்னா எதுக்கு ஒன் கால மிதிச்சேன்?"

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்துவிட்டு, ஜோகூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். போன் நம்பர் மாறிவிட்டது. கண்காட்சியில் 'பழங்கால மனிதனின் மேல்வாய்' என்ற அட்டையோடு பிள்ளைகள் எல்லாரும் பார்த்தது தன் வாயைத்தான் என்று தெரிந்த நாளிலிருந்து, மாமா யானில் அதை யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. புதுச்செட் கட்டிக்கொண்டார். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் கழற்றிவிட்டுச் சொல்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வழக்கம்போல் கொய்யா டப்பாவைத் திறந்தேன். "நீ தின்னு" என்று அவர் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்தார். மிளகாய் உப்பில் தொட்டார். கடித்தார். நறுக்கென்று அந்தச் சத்தம் அவர் வாயிலிருந்து வந்ததை நான் முதல் தடவையாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று நிதானமாக மென்றார்.

"எப்படிண்ணே இருக்கு?"

முழுசாக மென்று விழுங்கும்வரை அவர் பேசவேயில்லை.

"இன்னொன்னு வெட்டுமா" என்றார்.